செஃபாரியா மின்னூலகம்: ஒரே சட்டம், பல முகவரிகள்

யூதச் சமய நூல்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கத் தரும் செஃபாரியா என்ற மின்னூலகத்தைப் பற்றித் தமிழில் மதிப்புரை எதற்கு என்று கோலாலம்பூர் வாசகர் கேட்பது நியாயமே. இந்நாட்டில் யூதச் சமூகம் என்று இன்று ஒன்றில்லை. பினாங்கில் ஒரு காலத்தில் இருந்தது. ஜாலான் யஹூடி என்று முன்பு வழங்கிய ஜாலான் ஜைனல் ஆபிதினில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் உண்டு. நாகூர் சாலையில் இருந்த தொழுகைக்கூடம் 1976இல் மூடப்பட்டது. ஆயினும் சட்டம் படித்தவர்களுக்கும், ஒரு சமூகம் தன் விதிகளை எப்படித் தொகுக்கிறது, எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறது என்பதில் ஆர்வமுள்ளவர்களுக்கும் இந்த நூலகம் பெரும் புதையல். வழக்கறிஞர் தொழிலில் அன்றாடம் புழங்கும் கட்டணத் தரவுத்தளங்களுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் தொகையை நினைத்தால், ஒரு ரிங்கிட்கூடக் கேட்காத இத்தளம் தருவது மலைக்க வைக்கிறது.

2011இல் ஜோஷுவா ஃபோயர், பிரெட் லாக்ஸ்பைசர் ஆகிய இருவரும் லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது இது. வேதாகமம், வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த மிஷ்னா, அதன்மேல் எழுந்த விவாதங்களான தல்மூத், பிற்காலச் சட்டத் தொகுப்புகள், உரைகள், வழிபாட்டு நூல்கள் எனத் தனித்தனி அடுக்குகளாக நூல்கள் வைக்கப்பட்டுள்ளன. எபிரேய மூலத்தையும், இருக்குமிடத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் எதிரெதிரே வைத்துப் படிக்கலாம். ஒரு வரியின்மேல் சொடுக்கினால் பக்கவாட்டில் ஒரு பலகை திறந்து, அந்த வரியை எடுத்தாண்ட பிற நூல்களையும் அதற்கு எழுதப்பட்ட உரைகளையும் வரிசைப்படுத்திக் காட்டும். நூலகத்தின் உயிர்நாடி இந்தப் பலகைதான். மற்ற வசதிகள் எல்லாம் ஏறக்குறைய எந்த மின்னூலகத்திலும் கிடைப்பவை.

ஒரு நூலகத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அடுக்கு அடுக்காக அலைவதே சரியான வழி. நான் எடுத்துக்கொண்டது விருத்தசேதனச் சட்டங்கள், அதாவது ஆண்குழந்தைக்குச் சுன்னத்துச் செய்யும் சட்டங்கள். நம் ஊரில் இந்த வழக்கத்தை அறியாதவர் இல்லை. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “எங்க வீட்டுல இதுக்கு நாள் பார்க்கிறதே ஸ்கூல் லீவைப் பார்த்துத்தான் அண்ணே” என்று சிரித்தார். யூத மரபிலோ நாள் முன்னமே குறிக்கப்பட்டுவிட்டது: குழந்தை பிறந்த எட்டாம் நாள். ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கு இடப்பட்ட கட்டளையாகவும், லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தில் ஒற்றை வரியாகவும் அது வருகிறது. ஆபிரகாமுக்கு அப்போது வயது 99, இஸ்மவேலுக்கு 13. கட்டளை இவ்வளவு சுருக்கமானது. ஆனால் அதைச் சட்ட நூலில் எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தொகுப்பாளரும் ஒவ்வொரு விடை தந்திருக்கிறார். அந்த வேறுபாட்டைக் கண்முன் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே நான் இந்த நூலகத்துக்கு வைத்த தேர்வு.

வைப்புமுறை என்பது வெறும் அட்டவணை வேலை என்று நினைப்பவர்கள் திருக்குறளை எண்ணிப் பார்க்கலாம். கள்ளுண்ணாமை பொருட்பாலில் இருக்கிறது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில், அதுவும் துறவறவியலில் இருக்கிறது. புலால் உண்ணாமை துறவிக்கு மட்டும் சொன்னதா, இல்லறத்தானுக்கும் சேர்த்துச் சொன்னதா என்று நம்மவர்கள் இன்றுவரை வாதாடுவது குறளின் சொற்களை வைத்து மட்டுமல்ல, அந்த அதிகாரம் நிற்கும் இடத்தை வைத்தும்தான். யூதச் சட்ட நூல்களிலும் இதே கதைதான்.

முதலில் மிஷ்னா. கி.பி. 200 அளவில் யெஹூதா ஹநாசி தொகுத்த இந்நூல் ஆறு பெரும் பகுதிகளாக அமைந்தது. அதில் விருத்தசேதனத்துக்கென்று தனி நூற்பிரிவே கிடையாது. உள்ளடக்கப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாலும் அகப்படாது. வேலை செய்யக் கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளின் சட்டங்களைச் சொல்லும் ‘ஷபாத்’ பிரிவின் 19ஆம் அத்தியாயத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. காரணம், மிஷ்னா எடுத்துக்கொண்ட சிக்கல் வேறு. அந்தச் சடங்கைச் செய்ய வேண்டுமா என்பதை அது கேட்கவில்லை. எட்டாம் நாள் ஓய்வுநாளில் வந்து விழுந்தால் எந்தக் கடமை எதற்கு வழிவிடும் என்று கேட்கிறது. ரபி (யூதச் சமய அறிஞர்) எலியேசர், கத்தியை முந்தைய நாளே கொண்டுவரவில்லையென்றால் ஓய்வுநாளிலேயே வெளிப்படையாகக் கொண்டுவரலாம் என்கிறார். கத்தி செய்ய இரும்பு வேண்டும், இரும்புக்குக் கரி வேண்டும் என்றால் மரம் வெட்டுவதுவரை போகலாம் என்பது அவர் தரப்பு. ரபி அகிவா பொதுவிதி ஒன்றை வகுக்கிறார்: முந்தைய நாளே செய்திருக்கக்கூடிய வேலை எதுவும் ஓய்வுநாளை மீறாது, முந்தைய நாள் செய்யவே முடியாத வேலை, அதாவது வெட்டும் செயல் மட்டும், மீறும். இந்தத் தர்க்கத்தின் கூர்மையை நீதிமன்றத்தில் வாதாடிப் பழகியவர்கள் உடனே உணர்வார்கள்.

அடுத்து வரும் விதிதான் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது. வெட்டிய காயத்தின்மேல் சீரகம் வைத்துக் கட்டுவது அக்கால வழக்கம். சீரகத்தை முந்தைய நாள் பொடிக்க மறந்துவிட்டால் ஓய்வுநாளில் அம்மியில் அரைக்கக் கூடாது. பல்லால் மென்று வைக்கலாம். திராட்சை ரசத்தையும் எண்ணெயையும் முன்பே கலக்கி வைக்காவிட்டால் இரண்டையும் தனித்தனியாகத்தான் இட வேண்டும். பச்சைக் குழந்தையின் காயம் ஒரு பக்கம், ஓய்வுநாளின் கட்டுப்பாடு ஒரு பக்கம். இரண்டையும் கைவிடாமல் இடையில் ஒரு வாய்ச் சீரகத்தை மெல்லச் சொல்லும் சட்டம் இது. அதே அத்தியாயத்தில், குழந்தை எட்டு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள், அதற்கு முன்னும் பின்னும் இல்லாமல் விருத்தசேதனம் செய்யப்படும் என்று ஒரு கணக்கு வருகிறது. அந்திப்பொழுதில் பிறந்தால் அது எந்த நாள் என்ற ஐயத்தால் ஒன்பது; வெள்ளிக்கிழமை அந்தியில் பிறந்தால் பத்து; ஓய்வுநாளை அடுத்துப் பண்டிகை வந்தால் பதினொன்று; இரண்டு நாள் புத்தாண்டு வந்தால் பன்னிரண்டு. எட்டு என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டு வரை நீளும் இந்தக் கணக்கில் ஒரு நாளும் விருப்பத்துக்காகச் சேர்க்கப்பட்டதல்ல.

இந்த வரிகளில் சொடுக்கி, பலகை வழியே தல்மூத்துக்குள் போகலாம். அங்கே செபோரிஸ் நகரத்துச் சகோதரிகளின் வழக்கு இருக்கிறது: முதல் மூவரின் ஆண்குழந்தைகளும் விருத்தசேதனத்தால் இறக்க, நான்காமவள் ரபான் ஷிமோன் பென் கம்லியேலிடம் வருகிறாள்; செய்யாதே என்கிறார். இரத்தம் உறையாத நோய் தாய்வழியாகக் குடும்பத்தில் இறங்குவதைப் பிற்கால மருத்துவம் விளக்கியது. அந்த விளக்கம் இல்லாமலேயே சகோதரிகளை ஒரே கண்ணியாகப் பார்த்திருக்கிறார்கள். இந்த வழக்கு இருப்பது ‘யெவமோத்’ என்ற, இறந்த சகோதரனின் மனைவியை மணக்கும் முறை பற்றிய பிரிவில். அங்கே அது வரக் காரணம், ஒரு நிகழ்வு இருமுறை நடந்தால் மரபாகக் கொள்வதா, மும்முறை நடந்தாலா என்ற சான்றியல் விவாதம். தேடிப் போகும் ஒருவரால் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவே முடியாது. பலகை அதைக் கொண்டுவந்து கையில் தருகிறது.

யூதச் சட்ட அறிஞரும் தத்துவஞானியுமான மைமோனிடிசின் அடுக்குக்கு வந்தால் விருந்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் அவர் முடித்த ‘மிஷ்னே தோரா’ பதினான்கு நூல்களாகப் பிரிந்தது. இரண்டாம் நூலின் பெயர் ‘அன்பு’. அன்றாட வேதவாசகம் ஓதுவது, தொழுகை, கையிலும் நெற்றியிலும் கட்டும் தோற்பெட்டி, வாசல் நிலையில் பதிக்கும் சுருள், ஆடைக் குஞ்சம், உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் வாழ்த்துகள் ஆகியவற்றுக்குப் பின்னால் விருத்தசேதனத்துக்கு மூன்று அத்தியாயங்கள். அறுவைச் சிகிச்சைக்கும் அன்புக்கும் என்ன தொடர்பு என்றால் அவரே முன்னுரையில் விடை சொல்கிறார்: இவை எல்லாம் இறைவனை இடைவிடாமல் நினைவூட்டுபவை, தோற்பெட்டியும் குஞ்சமும் இல்லாத வேளையிலும் உடலிலேயே நிற்கும் அடையாளம் இது. மிஷ்னாவில் நாட்காட்டிச் சிக்கலாக இருந்தது இங்கே பக்திச் சின்னமாகிவிட்டது.

ஆனால் அதே மனிதர் கட்டளைகளை எண்ணிட்டு எழுதிய தனி நூலில் இதே கட்டளை 215ஆம் இடத்தில், திருமணக் கட்டளைகளுக்கு நடுவே நிற்கிறது. பிற்காலத்தில் எழுதிய தத்துவ நூலில் கட்டளைகளைப் பதினான்கு வகுப்புகளாகப் பிரிக்கும்போது, ‘அன்பு’ நூலில் சொன்னவை எல்லாம் ஒன்பதாம் வகுப்பு என்று சொல்லிவிட்டு, விருத்தசேதனத்தை மட்டும் அதிலிருந்து விலக்கி, விலக்கப்பட்ட உடலுறவுகள் பற்றிய பதினான்காம் வகுப்பில் சேர்க்கிறார். காம வேகத்தைத் தணிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்பது அங்கே அவர் வாதம். ஒரே ஆசிரியர், மூன்று நூல்கள், மூன்று முகவரிகள். சட்ட நூலில் தொழுவோனுக்காகவும், தத்துவ நூலில் காரணம் கேட்போனுக்காகவும் எழுதினார் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. எதுவானாலும், மூன்று நூல்களையும் ஒரே திரையில் மாறி மாறிப் பார்க்க முடிந்ததால்தான் இந்தக் கேள்வியே பிறந்தது. அச்சு நூல்களை மேசையில் பரப்பி இதைச் செய்ய வேண்டுமானால் இந்நகரத்தில் எந்த நூலகத்துக்குப் போவது?

மைமோனிடிசின் முதல் அத்தியாயத்தின் இறுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். காய்ச்சல் கண்ட குழந்தை குணமடைந்த பின் ஏழு முழு நாள்கள் காத்திருக்க வேண்டும். மேனி அளவுமீறிச் சிவந்திருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும் பொறுக்க வேண்டும். பிறகு காரணம் சொல்கிறார்: உயிராபத்து எல்லாவற்றையும் தள்ளிவிடும்; விருத்தசேதனத்தைப் பிறகும் செய்துகொள்ளலாம், போன உயிர் ஒன்றை ஒருபோதும் மீட்க முடியாது. இந்த வரியின் பலகையைத் திறந்தால், ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் யோசேப்பு காரோ தன் தொகுப்பில் இதை அப்படியே எடுத்தாண்டிருப்பது தெரிகிறது. சட்டம் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குக் குடிபெயர்வதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கருவியை நம் சட்டத்துறையில் நான் பார்த்ததில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, பின்னர் மலேசியத் தண்டனைச் சட்டமாக நிலைத்த கதையைப் பிரிவுக்குப் பிரிவு இப்படித் தொட்டுப் பார்க்க ஒரு தளம் இருந்தால் எத்தனை இளம் வழக்கறிஞர்கள் பயன்பெறுவார்கள்!

யாக்கோபு பென் ஆஷேர் பதினான்காம் நூற்றாண்டில் வகுத்த நான்கு வரிசைகளைப் பின்பற்றி, காரோ எழுதிய ‘ஷுல்கான் ஆருக்’ 1565இல் வெனிசில் அச்சேறியது. விருத்தசேதனம் அதில் ‘யோரே தேஆ’ என்ற இரண்டாம் வரிசையில் 260 முதல் 266 வரை ஏழு பிரிவுகளில் அடங்குகிறது. அந்த வரிசை தொடங்குவதே கால்நடை அறுக்கும் விதிகளில். அங்கிருந்து உணவு, வட்டி, சபதம் என்று போய், பெற்றோரை மதித்தல், ஆசிரியரை மதித்தல், கல்வி, ஈகை ஆகியவற்றைக் கடந்த பிறகு இது வருகிறது. அடுத்து அடிமைகள், அதற்கடுத்து மதம் மாறி வருவோர். பக்கத்து வீட்டாரைப் பார்த்தாலே விளங்குகிறது: இங்கே இது நினைவுச் சின்னமும் அல்ல, நாட்காட்டிச் சிக்கலும் அல்ல. தந்தை மகனுக்கும், தலைவன் தன் வீட்டாருக்கும், சமூகம் உள்ளே வருபவனுக்கும் செய்ய வேண்டிய கடமை.

260ஆம் பிரிவில் இருப்பது ஒரே ஒரு சிறு விதி: மகனுக்கு விருத்தசேதனம் செய்வது தந்தையின் கடமை. அதற்கென்றே தனிப் பிரிவு ஒதுக்கியிருக்கிறார். 261, தந்தை செய்யாவிட்டால் நீதிமன்றம் செய்ய வேண்டும் என்கிறது. 262 காலம், 263 நோயும் குறைகளும், 264 யார் செய்வது, எதனால் செய்வது. 265 வாழ்த்துரைகளும் சடங்கும். எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கும் வழக்கம் இதில்தான் வருகிறது. மிஷ்னாவில் முதலும் முடிவுமாக இருந்த ஓய்வுநாள் கேள்வி இங்கே கடைசிப் பிரிவாக 266க்குத் தள்ளப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, அதே கேள்வி ‘ஓராக் கயிம்’ என்ற முதல் வரிசையிலும் 331ஆம் பிரிவில் இருக்கிறது, ஏனென்றால் ஓய்வுநாள் விதிகளின் வீடு அதுதான். ஒரே விதி இரண்டு இடத்தில் இருப்பதைச் சட்ட வரைவாளர்கள் குறை என்பார்கள். ஓய்வுநாள் காலையில் ஐயம் வந்து நூலைப் புரட்டுபவனுக்கு அது குறையாகத் தெரியாது.

264ஆம் பிரிவு காரோவின் நூல் எப்படி இருவர் கைபட்டு நிற்கிறது என்பதற்கு நல்ல சான்று. பெண்ணும் செய்யலாம் என்கிறது காரோவின் வாசகம். பெண் செய்யலாகாது என்போரும் உண்டு, ஆணைத் தேடுவதே வழக்கம் என்கிறது போலந்தின் கிராகோவ் நகரத்து மோசே இஸ்ஸர்லெஸ் சேர்த்த குறிப்பு. அச்சுப் பதிப்புகளில் இருவருக்கும் இருவேறு எழுத்துருக்கள். கண் பார்த்ததும் பிரித்துவிடும். மின்னூலகத்தில் இரண்டும் ஒரே பத்திக்குள் அடுத்தடுத்து ஓடுவதால், புதிதாக வருபவர் எங்கே காரோவின் ஸ்பானிய மரபு முடிகிறது, எங்கே இஸ்ஸர்லெஸின் போலந்து மரபு தொடங்குகிறது என்று கவனித்துப் படிக்க வேண்டும்.

குறை என்று நான் பெரிதாகச் சொல்வது தேடுபெட்டியைத்தான். இந்தத் தளத்தில் மட்டுமல்ல, எந்த மின்னூலகத்திலும் உள்ள இயல்பு இது. விருத்தசேதனம் என்று தட்டினால் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து கொட்டும். பொருள்வாரியாகத் தொகுத்த பக்கமும் உண்டு. அவை விதிகளை அவற்றின் வீட்டிலிருந்து பெயர்த்து ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிடுகின்றன. தல்மூத்தில் தந்தையின் கடமைகள் ஒரே மூச்சில் வருகின்றன: விருத்தசேதனம் செய்வது, தலைப்பிள்ளையைக் காணிக்கை கொடுத்து மீட்பது, தோரா என்ற வேதத்தைக் கற்பிப்பது, மணம் முடிப்பது, தொழில் கற்றுக்கொடுப்பது, நீச்சல் கற்றுக்கொடுப்பதையும் சேர்ப்பவர் உண்டு. மைமோனிடிஸ் இவற்றைப் பிரித்து, கற்பித்தலை ‘அறிவு’ நூலிலும், விருத்தசேதனத்தை ‘அன்பு’ நூலிலும், தலைப்பிள்ளை மீட்பை வேளாண் விதிகளுக்கான நூலில் முதற்கனிகளோடும் வைத்தார். காரோவிடம் அவை 245, 260, 305 என்று விலகி நிற்கின்றன. தேடுபெட்டி வழியே வருபவருக்கு இந்தப் பிரிவினையே நடந்ததாகத் தெரியாது. ஆகவே என் யோசனை: உள்ளடக்கப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், வேண்டிய பிரிவுக்கு முன்னும் பின்னும் என்ன தலைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள், அதற்குப் பிறகு பலகையைத் திறங்கள்.

பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. யார் யாரை எடுத்தாண்டார் என்று அது காட்டும். எது இன்று நடைமுறையில் நிற்கிறது என்று காட்டாது. நம் தரவுத்தளங்களில் ஒரு தீர்ப்பு மேல்முறையீட்டில் கவிழ்ந்துவிட்டால் சிவப்புக் கொடி போடுவார்கள். இங்கே அப்படி எதுவும் எதிர்பார்க்கக் கூடாது, ஏனெனில் அந்த மரபில் தோற்ற கருத்தும் அழிக்கப்படுவதில்லை. மரம் வெட்டிக் கரி போடச் சொன்ன ரபி எலியேசர் இன்றும் பக்கத்தின் முதல் வரியில்தான் நிற்கிறார். மொழிபெயர்ப்புகளின் தரமும் சீரானதல்ல: சில அறிஞர்கள் முழுமையாகச் செய்தவை, சில வாசகர்கள் பங்களித்தவை. எந்த மொழிபெயர்ப்பு யாருடையது என்ற விவரம் தரப்பட்டிருப்பதால் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம். தளத்தின் முகப்பு எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இயங்குகிறது, தமிழ் இல்லை.

கைப்பேசியில் செயலி இருக்கிறது, ரயிலில் ஒரு பத்தியைப் படிக்க அது போதும். ஆனால் மூன்று தொகுப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்குக் கைப்பேசித் திரை இடம் தராது. மடிக்கணினியும் ஒரு விடுமுறை நாளும் வேண்டும். முதன்முறை நுழைபவர்கள் மிஷ்னாவின் ஷபாத் 19, மிஷ்னே தோராவின் விருத்தசேதன அத்தியாயங்கள் மூன்று, யோரே தேஆ 260 முதல் 266 வரை என்ற இதே வரிசையில் படித்தால் சிக்காமல் போகலாம். நேரம் குறைவென்றால் 263ஐ மட்டுமாவது படியுங்கள். எபிரேயம் தெரிய வேண்டிய தேவையில்லை, சட்ட ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும். பதிவு செய்யாமலேயே எல்லாவற்றையும் படிக்கலாம். குறிப்புகளைச் சேமித்து வைக்க விரும்பினால் மட்டும் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும், அதற்கும் கட்டணம் இல்லை.